முகத்துவாரம் திறந்திருக்கிறது

முகத்துவாரக்குப்பம், எண்ணூர்
6 ஜனவரி 2002

அடி செங்கொடி,

சிறுவாணித் தண்ணீர் குடித்துக் குடித்து எங்களையெல்லாம் மறந்துவிட்டாய் என்று திட்டித்தான் ஆரம்பிக்க நினைத்தேன். திட்ட நேரமில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மார்கழி பிறந்ததிலிருந்து ஆற்றில் எண்ணெய். எந்தக் குழாயிலிருந்து கசிகிறது என்று ஒரு கம்பெனியும் ஒத்துக்கொள்ளவில்லை. அதிகாரிகள் வந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள், போனவர்கள் போனவர்கள்தான். வலைக்கம்பெல்லாம் தார் பூசினாற்போல் இருக்கிறது. கூடையைத் தூக்கிக்கொண்டு திருவொற்றியூர் போனால் மீனை முகர்ந்து பார்த்துவிட்டு, “ஆத்து மீனா? வாணாம்மா” என்று நகர்ந்துவிடுகிறார்கள்.

பாடு என்றால் என்ன என்று உன் புரொபசர் கேட்டதாக எழுதியிருந்தாயே, அவருக்குச் சொல். ஆற்றில் மீன் ஓடுகிற வழியில் வலை கட்டும் இடம் கொஞ்சம்தான். குடும்பங்கள் நிறைய. அதனால் முறை வைத்துக்கொள்கிறோம். இன்று உனக்கு, நாளை எனக்கு. அந்த முறைக்குப் பெயர் பாடு. எங்கள் பாடு பதினைந்து பதினாறு நாளுக்கு ஒருமுறை வரும். வந்த அன்று மீன் இல்லையென்றால் இல்லைதான், அடுத்தவர் நாளில் கை வைக்க முடியாது. இந்த எண்ணெயில் எங்களுக்கு இரண்டு பாடு வீணாய்ப் போய்விட்டது.

என் வீட்டுக்காரரை உனக்குத் தெரியும். சத்தம் போட்டுப் பேசாத மனுஷன். முந்தாநாள் வலையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “தை மாசப் பாடும் இப்டியே பூட்ச்சின்னா வலைய சுருட்டி வெச்சிட்டு ஆர்பருக்கு மூட்டை தூக்க பூடுவேன். அப்பறம் கூப்ட்டா வரமாட்டேன்.” அவர் சொன்னால் செய்கிற ஆள். தண்ணீரில் நிற்கும்போது அவருக்கு ஒரு முகம் இருக்கும். மூட்டைக்குக் கீழே அந்த முகத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அழுதே விட்டேன்.

பள்ளிக்கூடத்தில் என் கணக்கைப் பார்த்து எழுதிய கடனுக்காவது ஏதாவது செய். பூந்திக்கொட்டைத் தண்ணீரால் எண்ணெயைக் கழற்றலாம் என்று எழுதினாயே, அது மெய்தானா?

ஜெயஸ்ரீ


கோயம்புத்தூர்
11 ஜனவரி 2002

அன்புள்ள ஜெயஸ்ரீ,

யார் கணக்கை யார் பார்த்து எழுதினார்கள் என்பதை நேரில் பேசிக்கொள்ளலாம். இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். எங்கள் புரொபசர் கலீலுல்லா சார் அனுமதி கொடுத்துவிட்டார். என் ஆராய்ச்சியே இதுதான், ஆனால் இதுவரை எல்லாம் கண்ணாடித் தொட்டிக்குள்தான் நடந்தது. நிஜ ஆறு, நிஜ எண்ணெய் கிடைக்கிறது என்றதும் அவருக்கே கண் மின்னியது. எனக்கும்தான், ஒளிப்பானேன்.

மெய்தான். பூந்திக்கொட்டையை ஊறவைத்து, காய்ச்சி, இறுத்து வைத்திருக்கிறோம். ஊற்றினால் நுரைக்கும். ஒட்டியிருக்கும் எண்ணெய் விட்டுக் கழன்று சின்னச் சின்னத் துளியாக உடைந்துவிடும். அந்தத் துளிகளைக் கடல் தண்ணீர் கொண்டுபோய்ப் பரப்பிவிட்டால் அங்கிருக்கும் நுண்கிருமிகள் தின்று தீர்த்துவிடும். பீப்பாயில் வருகிற ரசாயனத்தைவிட நூறு மடங்கு சாது.

ஆனால் ஒன்று. இதை இரண்டு தடவை படி, உன் வீட்டுக்காரர் ஜெகதீசன் அண்ணனுக்கும் படித்துக் காட்டு. சாது என்றாலும் மீனுக்கு இது ஆகாது. நுரைக்கிற அந்தச் சத்து செவுளில் பட்டால் மீனுக்கு மூச்சு முட்டும். முதலில் கிறங்கும், பிறகு சாகும். அதனால் முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும், கடல் இறங்குகிற வற்றத்தில் தண்ணீர் வெளியே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் மருந்து தேங்காமல் கலைந்து போகும். மணல் அடைத்திருந்தால் ஒரு சொட்டுகூட ஊற்றக்கூடாது.

வரும்போது ஐந்து கேன் கொண்டுவருகிறேன். எனக்கு இறால் தொக்கு வேண்டும்.

செங்கொடி


முகத்துவாரக்குப்பம்
28 ஜனவரி 2002

அடி செங்கொடி,

நீ ரயில் ஏறி எட்டு நாள் ஆகிறது, இன்னும் குப்பத்தில் உன் பேச்சுதான். ஒரே ஒரு கேன் ஊற்றி அத்தனை வலைக்கம்பும் வெளுத்ததை நம்ப முடியாமல் தடவித் தடவிப் பார்க்கிறார்கள். கோவிந்தம்மா அக்காவைப் பார்த்தாயே, புருஷன் போனபிறகும் அவர் பாட்டை விடாமல் வைத்திருக்கிறவள், எங்கள் பாட்டுக்கு அடுத்த நாள் அவளுடையது. கேனுக்குள் விரலை விட்டு நுரையைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, “அய்ய, நம்ம தலைக்குத் தேய்க்கறதுதானே இது? இதுக்கா காலேஜ்ல வெச்சி சோறு போடறாங்க அந்தப் பொண்ணுக்கு?” என்றாள். ஆனாலும் நீ போனபிறகு திருஷ்டி கழித்துப் போட்டவளும் அவள்தான்.

இப்போது விஷயம். மறுபடி எண்ணெய் வந்துவிட்டது. இந்தத் தடவை அதிகம். பிப்ரவரி ஆறாம் தேதி எங்கள் பாடு. நீ விட்டுப்போன நாலு கேனும் வீட்டில் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனாயே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முகத்துவாரம் திறந்திருக்கிறது. நன்றாகவே திறந்திருக்கிறது. ஆள் இறங்க முடியாத அளவுக்குத் தண்ணீர் ஓடுகிறது. எத்தனை கேன், எந்த நேரம் என்று மட்டும் சீக்கிரம் எழுது.

ஜெயஸ்ரீ


(அஞ்சலட்டை)
கோயம்புத்தூர்
1 பிப்ரவரி 2002

ஜெயஸ்ரீ,

இரண்டு கேன் போதும். வற்றம் ஆரம்பித்த அரை மணி கழித்து, வலைக்கம்பு வரிசைக்கு மேல் பக்கமிருந்து ஊற்றுங்கள். முன்னும் பின்னும் தண்ணீர் எப்படி இருந்தது என்று உடனே எழுது. பன்னிரண்டாம் தேதி கருத்தரங்கில் பேசப்போகிறேன், அதற்குள் எனக்குக் கிடைக்க வேண்டும்.

செங்கொடி


கோயம்புத்தூர்
22 பிப்ரவரி 2002

ஜெயஸ்ரீ,

இது நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் பதில் இல்லை. மூலைக்கடை எஸ்.டி.டி. பூத்துக்காரர் உன்னைக் கூப்பிட்டு அனுப்புவதாகச் சொல்லி இரண்டு தடவை என்னைக் காக்க வைத்தார். நீ வரவில்லை. உனக்கு உடம்பு சரியில்லையோ, ஊரில் இல்லையோ என்று நீ வராததற்கு நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எங்கள் அப்பாதான் எழுதினார். பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் அவரோடு வேலை செய்கிற ராமதாஸ் மாமா எண்ணூர்க்காரர் இல்லையா, அவர் சொல்லித் தெரிந்ததாம். ஆறு முழுக்க மீன் செத்து மிதந்ததாமே. காலேஜ்காரி மருந்து ஊற்றிக் கொன்றுவிட்டாள் என்று குப்பமே சேர்ந்து கலெக்டருக்கு மனுக் கொடுத்திருக்கிறதாமே.

நான் கருத்தரங்கில் பேசி, எல்லோரும் கை தட்டி, டீ குடித்துக்கொண்டிருந்தபோது அங்கே நாறிக்கொண்டிருந்திருக்கிறது.

மனு கல்லூரிக்கு வந்துவிட்டது. மார்ச் முடிவதற்குள் நான் அறிக்கை எழுதித் தர வேண்டும். ஒரு கேனுக்கு எவ்வளவு தண்ணீர் என்று நான் போட்ட கணக்கில்தான் பிழை என்று எழுதப்போகிறேன். வேறு என்ன எழுதுவது? கலீலுல்லா சார் ஒன்றும் திட்டவில்லை. “அவசரப்பட்டுட்டோம்மா” என்று மட்டும் சொன்னார். இந்த அறிக்கையோடு பூந்திக்கொட்டை ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள். நானும் மூட்டை கட்டிவிடுவேன்.

நீ என்னைத் திட்டியாவது எழுது. உன் மௌனம்தான் தாங்க முடியவில்லை.

செங்கொடி


முகத்துவாரக்குப்பம்
4 மார்ச் 2002

செங்கொடிக்கு,

என்ன எழுதச் சொல்கிறாய்? உன் மருந்தைத்தான் ஊற்றினோம். நீ சொன்ன அளவுதான் ஊற்றினோம். ஏழாம் தேதி கோவிந்தம்மா அக்காவின் பாடு. அவளுக்கு வலை கட்டித் தருகிறவன் கொழுந்தன் செல்வம். அவன் விடிகாலையில் இறங்கியவன் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தான். கிழங்கான், கெளுத்தி, நண்டு, கண் திறக்காத குஞ்சுகள் எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு கரையோரம் ஒதுங்கின. பத்து நாள் ஆற்றுப் பக்கம் யாரும் போக முடியவில்லை. எங்கள் மடவைக்கு அப்புறம் இந்த ஆற்றிலிருந்து யாருக்கும் ஒரு கூடை மீன் வரவில்லை.

கோவிந்தம்மா அக்கா இப்போது காசிமேட்டில் ஐஸ் உடைக்கப் போகிறாள். நாலு மணிக்கே பஸ் ஏறுகிறாள். வாசலில் பார்த்தால், “உன் பிரெண்டு மேல கோவமில்லடி, படிச்ச புள்ளைக்கு தண்ணி தெரியுமா?” என்கிறாள்.

இந்தப் பக்கம் நீ வரவேண்டாம். பையன்கள் கோபமாக இருக்கிறார்கள். அறிக்கையில் உனக்குத் தோன்றியதை எழுது, அது உன் வேலை.

ஜெயஸ்ரீ


கோயம்புத்தூர்
11 மார்ச் 2002

அன்புள்ள ஜெயஸ்ரீ,

நீ எழுதியது நியாயம். ஒரு வார்த்தைக்கும் எதிர்வார்த்தை இல்லை.

ஐஸ் உடைக்கிற கோவிந்தம்மா அக்காவை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அவள் என் தலையைத் தடவி நெட்டி முறித்தது இன்னும் காதில் கேட்கிறது. கோபமில்லை என்று அவள் சொன்னதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோபப்பட்டிருந்தால் தேவலை.

கணக்கை ஒன்பது தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். பிழை எங்கே என்று எனக்கே பிடிபடவில்லை. இரண்டு கேன் என்பது ஓடுகிற தண்ணீருக்கு ரொம்பக் குறைவு. தொட்டியில் இதைவிட அதிகமாக விட்டும் மீன் பிழைத்திருக்கிறது.

அதனால் இரண்டே கேள்வி. ஊற்றிய அன்று முகத்துவாரம் திறந்துதான் இருந்ததா? ‘எங்கள் மடவை’ என்று எழுதியிருக்கிறாய், எண்ணெய் நாறுகிற ஆற்றில் உங்களுக்கு மட்டும் மடவை எப்படிக் கிடைத்தது?

முதல் கேள்விக்கு ஆமாம் என்று ஒரு வரி எழுதினால் போதும். அதை அறிக்கையில் சேர்த்து முடித்துவிடுவேன்.

செங்கொடி


முகத்துவாரக்குப்பம்
18 மார்ச் 2002

செங்கொடி,

ஆமாம் என்று எழுதி, கவரில் போட்டு, ஒட்டி, தபால் பெட்டி வரை போனேன். கை உள்ளே போகவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

திறந்திருக்கவில்லை. நீ வந்துபோன நாலாம் நாளே மணல் தூர்ந்துவிட்டது. நான் உனக்குக் கடிதம் எழுதிய அன்று இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பாவாடை நனையாமல் நடந்துபோய் வந்தேன். வந்து கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஆள் இறங்க முடியாத தண்ணீர் என்று எழுதினேன். ஆள் இறங்க முடியாத என்ற வார்த்தையை யோசித்துச் சேர்த்தேன். வெறுமனே திறந்திருக்கிறது என்றால் நீ திருப்பிக் கேட்பாய் என்று எனக்குத் தெரியும்.

ஆர்பர், மூட்டை, அவர் முகம், இதுதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தலைக்குத் தேய்க்கிற சாமான், பட்டுப்புடவை அலசுகிற சாமான், இது அப்படி என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். இல்லை, அதுவும் பொய். ஆகாது என்று நீ எழுதியதை இரண்டு தடவை படித்தவள் நான். அவருக்குப் படித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் ஊற்ற விட்டிருக்க மாட்டார்.

ஐந்தாம் தேதி மத்தியானம் இரண்டு பேரும் படகில் போய் ஊற்றினோம். கம்பெல்லாம் பளிச்சென்று ஆனது. தண்ணீர் அசையவே இல்லை, நுரை போட்ட இடத்திலேயே நின்றது. “இன்னாமே, இது போவ மாட்டேன்னுது?” என்று கேட்டார். போகும் போகும் என்றேன்.

மறுநாள் எங்கள் பாடு. இறங்கினோம். மடவை எப்படிப்பட்ட மீன் என்று உனக்குத் தெரியுமா? நிழல் பட்டாலே ஆளுயரம் துள்ளி வலையைத் தாண்டிவிடும். அன்று துள்ளவில்லை. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றது. கையாலேயே அள்ளினோம் செங்கொடி. அவர் சிரித்தார். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. “நம்ம ஆறு நம்மள கைவுட்ல பாரு” என்றார். எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. கிறங்கும், பிறகு சாகும். உன் எழுத்து கண் முன்னால் நின்றது. அவர் சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை. கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் கோவிந்தம்மா அக்காவின் கொழுந்தனையாவது ஆற்றில் இறங்காமல் தடுத்திருக்கலாம். எங்கள் மீனைத் திருவொற்றியூரில் விற்றுவிட்டு அவள் வீட்டுக்குக் குழம்புக்கு நாலு மடவை கொடுத்தனுப்பினேன். சாப்பிட்டுவிட்டு அடுத்த நாள் பாட்டுக்குக் கொழுந்தனை அனுப்பினாள்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாய். மருந்து போட்டு மீன் பிடித்தால் குப்பத்தில் மன்னிப்பே கிடையாது. பாட்டைப் பிடுங்கிவிடுவார்கள். மருந்து ஊற்றியது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது காலேஜ் செய்த தப்பு என்று நினைக்கிறார்கள். தெரிந்தே ஊற்றினேன், அதுவும் எங்கள் பாட்டுக்கு முதல் நாள் ஊற்றினேன் என்று தெரிந்தால் அது மருந்து போட்டுப் பிடித்ததுதான். எந்தப் பாட்டைக் காப்பாற்றப் பொய் சொன்னேனோ அதுவே போய்விடும். அதனால் உன் தலையில் விழட்டும், நீ படித்தவள், எப்படியும் பிழைத்துக்கொள்வாய் என்று விட்டுவிட்டேன். போன கடிதத்தில் உன்னை வரவேண்டாம் என்றது பையன்களுக்குப் பயந்து அல்ல. நீ வந்து ஆற்றைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பயந்து.

அறிக்கையில் உள்ளதை எழுது. என் பேர் போட்டு எழுது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜெயஸ்ரீ


கோயம்புத்தூர்
24 மார்ச் 2002

ஜெயஸ்ரீ,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. முதல் நாள் உன்மேல் வந்த கோபத்தில் கண்ணாடிக் குடுவை ஒன்றை உடைத்துவிட்டேன். இரண்டாம் நாள் அந்தக் கோபத்துக்கு எனக்கு யோக்கியதை இல்லை என்று ஒப்புக்கொண்டேன். இன்றைக்குத்தான் எழுத முடிகிறது.

எங்கள் அப்பா வாராவாரம் எனக்குக் கடிதம் போடுவார், உனக்குத் தெரியும். எதை எழுதுவது என்று இல்லாமல் வியாசர்பாடியில் பைப்பில் தண்ணீர் வந்தது வரை எழுதுவார். ஜனவரி கடைசியில் ராமதாஸ் மாமா வீட்டுக் காதுகுத்துக்கு எண்ணூர் வந்திருக்கிறார். சாப்பிட்டுவிட்டு முகத்துவாரம் வரை நடந்திருக்கிறார். ‘மணல் அடைத்து, பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கரைக்கு நடந்து போகிறார்கள், பார்க்க வேடிக்கையாக இருந்தது, உன் சிநேகிதி ஜெயஸ்ரீயைப் பார்க்க நேரமில்லை’ என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதம் முப்பத்தொன்றாம் தேதி வந்தது. உன் கடிதமும் அன்றுதான் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

அடுத்த நாள் உனக்கு அந்த அட்டையை எழுதினேன்.

அப்பாவுக்கு ஆற்றைப் பற்றி என்ன தெரியும், அங்கேயே இருக்கிறவளுக்குத் தெரியாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னை நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். நம்புவதாக வைத்துக்கொண்டேன். பன்னிரண்டாம் தேதி கருத்தரங்கு. டில்லியிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். நிஜ ஆற்றில் இரண்டாவது முறையும் ஜெயித்தது என்று சொல்ல எனக்கு ஆசை. ஒரு தந்தி அடித்துக் கேட்டிருக்கலாம். அப்பாவை மறுபடி போய்ப் பார்த்து வரச் சொல்லியிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று கேட்கவில்லை. அஞ்சலட்டையில் எழுதினேனே, கவனித்தாயா? இடமில்லை என்று சாக்கு வைத்து முகத்துவாரம் என்ற வார்த்தையையே எழுதாமல் விட்டேன்.

பிறகு கணக்குப் பிழை என்றேன். ஒன்பது தடவை போட்டதாக எழுதினேன். கணக்கு சரி என்று முதல் தடவையே தெரியும். கணக்குப் பிழை என்றால் பாவம் சின்னப் பெண், அவசரப்பட்டுவிட்டாள் என்று சார்கூட இரக்கப்படுவார். தெரிந்தே செய்தாள் என்றால் யார் இரக்கப்படுவார்கள்? போன கடிதத்தில் உன்னிடம் கேள்வி கேட்டதும் உண்மை வேண்டி அல்ல. திறந்திருந்தது என்று இன்னொரு முறை நீ எழுதிவிட்டால், எல்லாப் பாவத்தையும் உன் வாக்கின் மேல் இறக்கி வைத்துவிட்டுத் தூங்கலாம் என்றுதான். நீ பொய் சொல்லியிருந்தால் உனக்கு நன்றி சொல்லியிருப்பேன்.

இன்று அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். மருந்திலும் அளவிலும் தப்பில்லை, அடைபட்ட தண்ணீர் என்று தெரிந்திருந்தும் ஊற்றச் சொன்னவள் நான் என்று எழுதியிருக்கிறேன். உன் பேர் இல்லை. அது உன்னைக் காப்பாற்ற அல்ல, உன் தப்பைச் சொல்ல வேண்டியது என் கையெழுத்தில் அல்ல. கலீலுல்லா சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “பூந்திக்கொட்டை பொழச்சிடும்மா. நீதான் இங்க இருக்க முடியாது” என்றார். ஆராய்ச்சியை வேறொருவருக்குக் கொடுப்பார்கள். சரிதான்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. உனக்குச் சொல்கிற இடத்தில் நான் இல்லை.

செங்கொடி


முகத்துவாரக்குப்பம்
6 ஏப்ரல் 2002

செங்கொடி,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். எனக்குத் துணைக்கு இன்னொரு பாவி கிடைத்தாள் என்று. எவ்வளவு கேவலமான பிறவி நான் பார்.

அவரிடம் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “இதுக்கா பொய் சொன்ன? நான் மூட்டை தூக்கனா இன்னா கொறஞ்சி பூடும்? எனக்கு கை கால் இல்லியா? அந்த மீனைப் பாத்து என்ன சிரிக்க வெச்சிட்டியேமே” என்றார். அதிலிருந்து பேச்சில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார், அவ்வளவுதான்.

நேற்று, பங்குனி வெள்ளி, கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடியது. எங்கள் பஞ்சாயத்தில் பொம்பிளைகள் பேசுகிற வழக்கம் இல்லை. வீட்டுக்காரர்தான் பேச வேண்டும். அவர் எழுந்து, “என் வூட்டுக்காரி பேசணும்றா. கேட்டுக்கங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்காக அவர் பேசிய கடைசிப் பேச்சு இதுவாகத்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டே எழுந்தேன். சொன்னேன். மணல் மேல் நடந்தது, கடிதம் எழுதியது, மடவை கிறங்கியது, குழம்புக்குக் கொடுத்தனுப்பியது, எல்லாம். எங்கோ ஒரு குழந்தை அழுதது, அதை அடக்கிவிட்டார்கள்.

மூன்று வருஷத்துக்கு எங்களுக்குப் பாடு கிடையாது. எங்கள் நாள் கோவிந்தம்மா அக்காவுக்குப் போகிறது. ஆறு தேறி வந்ததும் அவளுக்கு இரண்டு பாடு. அவர் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டார். திங்கட்கிழமையிலிருந்து ஆர்பருக்குப் போகிறார்.

எல்லோரும் கலையும்போது கோவிந்தம்மா அக்கா என் பக்கத்தில் வந்தாள். ஐஸ் உடைத்து உடைத்து அவள் கை வெடித்துப் போயிருக்கிறது. “உன்ன மன்னிச்சேன்னு நெனச்சிக்காத. ஒரே ஒரு கேள்வி. மொவத்தாரம் அடச்சிக்கினு கீதுன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

எத்தனை உண்மை சொன்ன வாய் இது, அரை மணி நேரமாக. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். உன்னைப் பற்றிக் கேட்கும்போது அவள் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. ஒருத்தியாவது நல்லவளாக இருக்கட்டும் என்கிற மாதிரி. “தெரியாது அக்கா” என்றேன். “அதானே, நான் சொன்னேன் இல்ல, படிச்ச புள்ள, அதுக்கு இன்னா தெரியும்” என்று சொல்லிக்கொண்டே போனாள்.

மறுபடி ஒரு பொய் சொல்லிவிட்டேன் செங்கொடி. இந்தத் தடவை எனக்காக இல்லை. உன் அறிக்கை இங்கிலீஷில் கலெக்டர் ஆபீஸில் கிடக்கும், குப்பத்தில் யாரும் படிக்கப்போவதில்லை. நீ சும்மா இருந்தால் இது இப்படியே நின்றுவிடும். அவள் சாகும்வரை உன்னை நல்லவள் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஜெயஸ்ரீ


கோயம்புத்தூர்
10 ஏப்ரல் 2002

ஜெயஸ்ரீ,

பதினான்காம் தேதி வருகிறேன். வருஷப் பிறப்பு, காசிமேடு லீவு, அக்கா வீட்டில் இருப்பாள். அன்றைக்கு வியாசர்பாடியில் அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலம், நான் இல்லையென்றால் அப்பா கோபித்துக்கொள்வார். அவருக்கும் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் எண்ணூர் ரயில் ஏறப்போகிறேன்.

ஸ்டேஷனுக்கு வராதே. என்னோடு அவள் வாசலுக்கும் வராதே. நீ பக்கத்தில் நின்றால் பாதியை உன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் தப்பித்துக்கொள்வேன்.

நான் வருகிறேன் என்று மட்டும் கோவிந்தம்மா அக்காவிடம் சொல். எதற்கு என்று கேட்டால் தெரியாது என்று சொல்லாதே. நானே சொல்வேன் என்று சொல்.

செங்கொடி